பாம்பெர்க்கில் ஆடிய இரண்டு அமெரிக்கர்கள்

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் கல்லூரி அணிக்கு நன்றாக ஆடிய ஒரு கூடைப்பந்து வீரருக்கு அங்குள்ள உச்சத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் இடம் கிடைக்கவில்லை. அவர் ஐரோப்பாவுக்கோ சீனாவுக்கோ போய்த் தொழில்முறை ஆட்டக்காரர் ஆகிறார். அதற்குப் பிறகு அவர் பிழைப்பு எப்படிப் போகும்? சம்பளம் கட்டுப்படியாகுமா? திரும்பி என்.பி.ஏ.வுக்கு வர முடியுமா, இல்லை அதோடு கதை முடிந்ததா?

கதை முடிவதில்லை, வேலை மாறுகிறது. அதே பந்து, அதே கூடை, ஆனால் அந்த ஆளிடம் எதிர்பார்ப்பது வேறு. அதைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டவர்கள் பதினைந்து ஆண்டு ஆடுகிறார்கள். பிடிபடாதவர்கள் கிறிஸ்துமஸுக்கு முன்பே ஊருக்கு விமானம் ஏறிவிடுகிறார்கள். பொதுவாகப் பேசுவதைவிட இரண்டு பேரை வைத்துச் சொல்கிறேன்: கைல் ஹைன்ஸ், பி.ஜே. டக்கர். ஏறக்குறைய ஒரே உடல்வாகு, ஒரே மாதிரி ஆட்டம். ஜெர்மனியில் பாம்பெர்க் என்ற ஒரே ஊரில் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஆடியவர்கள். ஒருவர் கடைசிவரை ஐரோப்பாவிலேயே இருந்துவிட்டார். மற்றவர் திரும்பிப் போய் என்.பி.ஏ. கோப்பையை வென்றார்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். என்.பி.ஏ.வில் 30 அணிகள். அணிக்கு 15 முழு ஒப்பந்தங்கள், ஆக மொத்தம் 450 பேர். அதற்கு மேல் அணிக்கு மூன்று 'டூ-வே' இடங்கள், அதாவது பாதி நாள் கீழ் லீக்கில் ஆடிக்கொண்டே கூப்பிட்டால் மேலே போகிறவர்களுக்கு. அணிகள் வரிசையாகப் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் ஆண்டுதோறும் நடக்கும், அதில் இரண்டு சுற்றுகளும் சேர்த்து 60 பேர் அளவில்தான் எடுக்கிறார்கள், அதிலும் ஒரு பங்கு ஐரோப்பா, ஆஸ்திரேலியா பையன்களுக்குப் போய்விடும். கல்லூரி மட்டத்தில் முதல் பிரிவில் மட்டும் 350-க்கு மேற்பட்ட அணிகள் இருக்கின்றன. தன் கல்லூரியின் வரலாற்றிலேயே சிறந்த ஆட்டக்காரர் என்று பேர் வாங்கியவருக்கும் இடம் கிடைக்காமல் போவது அங்கே சர்வசாதாரணம். உள்நாட்டிலேயே ஆட வேண்டும் என்றால் என்.பி.ஏ.வுக்குக் கீழே உள்ள ஜி லீக் இருக்கிறது. 2023-24இல் அதன் முழு சீசன் சம்பளம் 40,500 டாலர். வெளிநாட்டில் ஒரு நடுத்தர அணியே அதைவிடக் கூடுதலாகக் கொடுத்து, வீடும் கொடுக்கும். அப்புறம் ஏன் போகமாட்டார்கள்?

ஹைன்ஸ் நியூ ஜெர்சிக்காரர், 1986இல் பிறந்தவர். நார்த் கரோலினாவில் கிரீன்ஸ்பரோ என்ற ஊரிலுள்ள பல்கலைக்கழகத்துக்கு ஆடினார். கல்லூரி ஆட்டத்தில் 2,000 புள்ளிகள், 1,000 ரீபவுண்டுகள் (தவறிய பந்தைப் பிடிப்பது), 300 பிளாக்குகள் (எறிந்த பந்தைத் தட்டிவிடுவது) மூன்றையும் தொட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், அதில் பின்னாளில் என்.பி.ஏ. ஜாம்பவான்களான டேவிட் ராபின்சனும் டிம் டங்கனும் அடக்கம். ஹைன்ஸும் அந்தப் பட்டியலில் இருக்கிறார். ஆனால் 2008 டிராஃப்டில் யாரும் அவர் பெயரைச் சொல்லவில்லை. காரணம் உயரம். அவர் ஆடியது கூடைக்குப் பக்கத்தில் பெரிய ஆட்கள் நிற்கும் சென்டர் இடத்தில், உயரமோ 198 செ.மீ. என்.பி.ஏ.வில் அன்றைக்குச் சென்டர் என்றால் 210 செ.மீ. வேண்டும். 198 செ.மீ. ஆள் வெளியிலிருந்து பந்தை எறியத் தெரிந்திருந்தால் தப்பித்திருப்பார், ஹைன்ஸுக்கு அதுவும் வராது.

அவருக்கு வந்த வேலை இத்தாலியில், அதுவும் இரண்டாம் பிரிவில். ஊர் வெரோலி. ரோமுக்குத் தென்கிழக்கே மலைமேல் இருக்கும் ஒரு சின்ன ஊர். இரண்டு சீசன் அங்கே ஆடினார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க லீக்குகளில் அணிகள் மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் கிடையாது. கடைசி இடத்தில் முடித்தால் அடுத்த டிராஃப்டில் நல்ல வாய்ப்புகூடக் கிடைக்கும். ஐரோப்பாவில் கடைசி இடம் என்றால் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்படுவது, ஸ்பான்சர் ஓடிப்போவது, அணியே கலைவது. அதனால் நவம்பர் மாதத்து ஒரு சாதாரண ஆட்டத்தில் தோற்றாலும் ஊரே முகத்தைத் தூக்கிக்கொள்ளும், மறுநாள் ரொட்டிக் கடையில் கேள்வி கேட்பார்கள். கல்லூரியிலிருந்து வந்த 22 வயதுப் பையனுக்கு முதலில் இதுதான் அதிர்ச்சி.

அதைவிடப் பெரிய விஷயம் வெளிநாட்டவருக்கான ஒதுக்கீடு. ஐ.பி.எல்.லில் பதினொருவரில் நாலு பேருக்கு மேல் வெளிநாட்டவர் கூடாது என்பதுபோல, ஐரோப்பிய உள்நாட்டு லீக்குகள் ஒவ்வொன்றும் இத்தனை வெளிநாட்டவர்தான் என்று வரம்பு வைத்திருக்கின்றன. ஸ்பெயினில் ஒரு கணக்கு, கிரீஸில் ஒரு கணக்கு, இத்தாலியில் இன்னொன்று. வரம்பு இருப்பதால் அந்த இடங்கள் விலை உயர்ந்தவை. உள்ளூர்ப் பையன் நாலு ஆட்டம் சொதப்பினால் பெஞ்சில் உட்காருவான், அமெரிக்கர் நாலு ஆட்டம் சொதப்பினால் அவருக்குப் பதில் இன்னொரு அமெரிக்கர் வருவார். அணி தோற்றால் முதலில் திட்டு வாங்குவதும் அவர்தான். காசு கொடுத்துக் கூட்டிவந்தவன் என்ற எண்ணம் கடைசி வரிசை ரசிகர்வரை உண்டு.

இதனால்தான் பாஸ்போர்ட் இந்தத் தொழிலில் ஒரு சொத்து. பாட்டி வழியில் இத்தாலிய உறவு, தாத்தா வழியில் யூத வேர் என்று எதையாவது தோண்டி எடுத்து இன்னொரு குடியுரிமை வாங்கிவிட்டால் வெளிநாட்டவர் கணக்கில் வரமாட்டார், மதிப்பு ஒரேயடியாக ஏறும். வேரே இல்லாதவர்களுக்கும் நாடுகள் கொடுத்திருக்கின்றன. ஜே.ஆர். ஹோல்டன் என்ற அமெரிக்கப் பாயிண்ட் கார்டு (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர்) லாட்வியா, பெல்ஜியம், கிரீஸ் என்று சுற்றிவிட்டு 2002இல் சி.எஸ்.கே.ஏ. மாஸ்கோவுக்கு வந்தார். அடுத்த ஆண்டே புதினின் ஆணையில் ரஷ்யக் குடியுரிமை கிடைத்தது. 2007இல் மாட்ரிட்டில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம், எதிரே சொந்த மண்ணில் ஆடும் ஸ்பெயின். இரண்டு வினாடி மிச்சமிருக்கும்போது ஹோல்டன் எறிந்த பந்து வளையத்தில் தட்டித் தட்டி உள்ளே விழுந்தது, ரஷ்யா 60-59 என்று ஜெயித்தது. பென்சில்வேனியாவில் பிறந்த ஒருவர் ரஷ்யாவை ஐரோப்பிய சாம்பியன் ஆக்கினார். போ மெக்காலெப் மாசிடோனியாவுக்கும் ஷேன் லார்கின் துருக்கிக்கும் இதே மாதிரிப் போனவர்கள். உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபா ஒரு தேசிய அணிக்கு இப்படிக் குடியுரிமை வாங்கிய ஒருவரைத்தான் அனுமதிக்கிறது, இல்லாவிட்டால் பாதி ஐரோப்பா அமெரிக்க அணிகளாகவே இருந்திருக்கும்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். ஃபிபா விதிகளில் ஆட்டம் 40 நிமிடம், என்.பி.ஏ.வில் 48. ஐந்து ஃபவுலில் வெளியே, அங்கே ஆறு. மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டர், அங்கே 7.24. டைம் அவுட் கேட்கும் உரிமை பயிற்சியாளருக்கு மட்டும், ஆட்டக்காரர் கையைக் காட்டினால் நடுவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். பழகாதது வேறு ஒன்று. என்.பி.ஏ.வில் ஒரு தடுப்பாட்டக்காரர் யாரையும் மார்க் செய்யாமல் கூடைக்கு அடியில் மூன்று வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது. ஃபிபா ஆட்டத்தில் அந்த விதியே இல்லை. இரண்டே கால் மீட்டர் மனிதர் ஒருவர் கூடைக்கு அடியில் பாய் விரித்த மாதிரி நிற்கலாம். ஒரே ஓட்டத்தில் நாலு பேரைத் தாண்டிப் போய்ப் பந்தைக் கூடைக்குள் திணித்துப் பழகியவருக்கு இங்கே வழியே இருக்காது.

இன்னொன்று காலடி எடுத்து வைப்பது. நின்ற இடத்திலிருந்து புறப்படும்போது பந்தைத் தரையில் தட்டுவதற்கு முன் ஊன்றிய கால் எழக் கூடாது. எழுத்தில் இரண்டு பக்கமும் இதே விதிதான், ஆனால் அமெரிக்காவில் நடுவர்கள் கண்டுகொள்வதில்லை, ஐரோப்பாவில் விசில் ஊதிவிடுவார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் நடக்கும் பயிற்சி ஆட்டங்களைப் பார்த்தால் புதிதாக வந்த அமெரிக்கர்களை ஒரு நொடியில் அடையாளம் கண்டுவிடலாம்: விசில் சத்தம், கையை விரித்து 'நான் என்ன செய்தேன்' என்று ஒரு பார்வை, பந்து எதிரணிக்கு. பத்து வயதிலிருந்து செய்துவந்த முதல் அடியை 22 வயதில் மாற்றிக்கொள்வது லேசான காரியம் இல்லை. 2017இல் ஃபிபா இந்த 'டிராவல்' விதியைத் திருத்தி எழுதிய பிறகு நிலைமை கொஞ்சம் தேவலை.

நாள் முழுக்க உழைப்பும் வேறு மாதிரி. என்.பி.ஏ.வில் 82 ஆட்டம், பயிற்சிக்கு நேரமே இருக்காது. ஐரோப்பாவில் சின்ன அணி என்றால் வாரத்துக்கு ஒரு ஆட்டம், மீதி நாளெல்லாம் காலையும் மாலையும் பயிற்சி. செர்பியா, கிரீஸ் பக்கத்துப் பழைய பயிற்சியாளர்கள் ஒரே ஆட்ட அமைப்பை நாற்பது தடவை ஓடவிடுவார்கள். பெரிய அணி என்றால், ஐரோப்பாவின் உச்ச அணிகள் மோதும் யூரோலீக் மட்டுமே 2019-20இல் 34 சுற்று ஆனது, அதோடு உள்நாட்டு லீக், கோப்பைகள். ஆக எண்ணிக்கையில் என்.பி.ஏ.வுக்கு அதிகம் குறைவில்லை.

பணம். ஐரோப்பிய ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தொகை பெரும்பாலும் கைக்கு வரும் தொகை, வரியை அணி கட்டிவிடும். வீடு, கார், குடும்பத்துக்கு விமான டிக்கெட், ஏஜென்ட்டுக்கு 10 சதவீதம் எல்லாமே அணியின் செலவு. அதனால் அமெரிக்காவில் வரிக்கு முந்திய சம்பளத்தோடு நேராக ஒப்பிடக் கூடாது, பலரும் அங்கேதான் தவறுகிறார்கள். சின்ன நாட்டு லீக்கில் மாதம் சில ஆயிரம் டாலரில் தொடங்குகிறது, யூரோலீக்கின் உச்சியில் ஆண்டுக்குச் சில மில்லியன். என்.பி.ஏ.வில் ஒரு புதுமுகத்தின் குறைந்தபட்சச் சம்பளமே 2023-24இல் 11 லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. எனவே யூரோலீக்கில் நட்சத்திரமாக இருப்பவருக்கு, என்.பி.ஏ.வில் பெஞ்சின் கடைசி நாற்காலியில் உட்காருவதால் பணத்தில் பெரிய லாபம் இல்லை. ஆட்ட நேரமோ அடியோடு போய்விடும்.

சம்பளம் ஒழுங்காக வருமா என்றால், பெரிய அணிகளில் வரும். மற்ற இடங்களில் முதல் மூன்று மாதம் வரும், பிறகு 'ஸ்பான்சர் பணம் அடுத்த வாரம்' என்ற பல்லவி ஆரம்பிக்கும். இந்தத் தகராறு அதிகமானதால் 2007இல் ஃபிபா ஜெனீவாவில் ஒரு நடுவர் மன்றம் அமைத்தது. எந்த நாட்டுச் சட்டத்தையும் பிடித்துத் தொங்காமல், எது நியாயமோ அதைத் தீர்ப்பாகச் சொல்லலாம் என்பதே அதன் முறை. தீர்ப்பை மதிக்காத அணி புதிய ஆட்டக்காரர்களைப் பதிவு செய்ய முடியாமல் தடை விழும். அந்தப் பயம் வந்த பிறகுதான் பல அணிகள் வழிக்கு வந்தன. விவரம் தெரிந்த ஏஜென்ட் இந்த மன்றத்தைப் பற்றிய ஒரு வரி இல்லாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவிடமாட்டார்.

இப்போது பாம்பெர்க். பவேரியாவில் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வாழும் ஒரு பழைய ஊர், பீருக்குப் பேர்போனது. ஜெர்மனி முழுக்கக் கால்பந்து என்று அலையும்போது இந்த ஊர் மட்டும் கூடைப்பந்துப் பைத்தியம். 2010 முதல் 2013 வரை தொடர்ந்து நாலு முறை ஜெர்மன் சாம்பியன். வெரோலியிலிருந்து ஹைன்ஸ் 2010இல் இங்கே வந்தார். 2011இல் லீக், கோப்பை இரண்டும் அணிக்கு, இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு. அந்தக் கோடையில் அவர் கிளம்பியதும் அதே அணிக்கு வந்தவர் பி.ஜே. டக்கர். 2012இல் மறுபடி சாம்பியன், இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் டக்கர். இங்கிருந்து இருவர் பாதையும் பிரிகிறது.

ஹைன்ஸ் போனது கிரீஸின் ஒலிம்பியாகோஸுக்கு. நேரம் சரியில்லாத நேரம்: நாடே கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது, அணி செலவை வெட்டி, தியோடோசிச், பாபலூகாஸ் போன்ற பெரிய பெயர்களை அனுப்பிவிட்டது. மிஞ்சியது நட்சத்திர ஆட்டக்காரர் ஸ்பனூலிஸ், கொஞ்சம் கிரேக்க இளைஞர்கள், விலை குறைந்த சில அமெரிக்கர்கள். 2012 மே மாதம் இஸ்தான்புல்லில் யூரோலீக் இறுதியாட்டம், எதிரே பணம் கொழித்த சி.எஸ்.கே.ஏ. மாஸ்கோ. மூன்றாவது கால் பகுதியில் 53-34, பத்தொன்பது புள்ளி பின்னடைவு. அங்கிருந்து ஒலிம்பியாகோஸ் ஒவ்வொன்றாகப் பிடித்து வந்தது. கடைசிச் சில வினாடிகள், சி.எஸ்.கே.ஏ. 61-60 முன்னிலை, ஃப்ரீ த்ரோ கோட்டில் அந்த அணியின் ஷிஷ்கவுஸ்காஸ். ஐரோப்பாவின் நம்பகமான கைகளில் ஒன்று, இரண்டையும் தவறவிட்டார். ஸ்பனூலிஸ் பந்தோடு உள்ளே நுழைந்ததும் தடுப்பாட்டக்காரர்கள் அவர் பக்கம் சாய, பக்கத்தில் சக ஆட்டக்காரர் பிரின்டெசிஸுக்குப் பந்தைத் தள்ளினார். அவர் ஒரு கையால் மெதுவாகத் தூக்கிப் போட்டது விழுந்தபோது 0.7 வினாடி மிச்சம். 62-61. அடுத்த ஆண்டு லண்டனில் ரியல் மாட்ரிட்டை 100-88 என்று அடித்து மறுபடியும் கோப்பை. யூரோலீக் பார்க்காதவர்கள் 2012 இறுதியின் கடைசிப் பத்து நிமிடத்தை மட்டுமாவது தேடிப் பார்க்கலாம். சினிமாவில் வைத்தால் நம்பமாட்டோம்.

2013இல் ஹைன்ஸை வாங்கியது, அவரிடம் தோற்ற அதே சி.எஸ்.கே.ஏ. ஏழு சீசன் மாஸ்கோவில். 2016இல் பெர்லினில் ஃபெனர்பாசேவைக் கூடுதல் நேரத்தில் 101-96, 2019இல் ஸ்பெயினின் விட்டோரியாவில் அனடோலு எஃபெஸை 91-83. மொத்தம் நாலு யூரோலீக் பட்டங்கள். 2020இல் மிலான் போய், 2022, 2023, 2024 மூன்று ஆண்டும் இத்தாலிய சாம்பியன், பிறகு ஓய்வு. யூரோலீக்கில் 400-க்கு மேல் ஆட்டங்கள். என்.பி.ஏ.வில் ஒரு ஆட்டம்கூட இல்லை.

எப்படி இத்தனை ஆண்டு? புள்ளி எடுத்து அல்ல. ஐரோப்பிய ஆட்டத்தின் அச்சாணி 'பிக் அண்ட் ரோல்'. பந்து வைத்திருக்கும் சின்ன ஆளுக்காக ஒரு பெரிய ஆள் வந்து குறுக்கே நின்று வழி மறைப்பார். தடுக்கும் அணியின் சென்டர் அப்போது என்ன செய்வார் என்பதில்தான் ஆட்டமே. ஏழடி ஆள் என்றால் பின்வாங்கி நிற்பார், ஏனென்றால் வெளியே வந்தால் வேகமான பாயிண்ட் கார்டு அவரைச் சுற்றிப் போய்விடுவார். ஹைன்ஸ் பின்வாங்கமாட்டார். ஆளை மாற்றிக்கொண்டு அந்தச் சின்ன ஆளின் முன்னால் போய் நிற்பார், இடுப்பைத் தாழ்த்தி, கை படாமல், காலை மட்டும் நகர்த்தி. பந்து வைத்திருப்பவர் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று ஏமாற்றிப் பார்ப்பார், பந்தை எறிய இருக்கும் 24 வினாடி கரைந்துவிடும், கடைசியில் கை மேல் கை இருக்கும்போது கஷ்டப்பட்டு ஒன்றை எறிவார். எதிரணியின் ஏழடி ஆள் கூடைக்கு அடியில் நின்று பந்து கேட்டால் அவரை முதுகால் தள்ளித் தள்ளி வெளியே கொண்டுவரும் பலமும் ஹைன்ஸிடம் இருந்தது. என்.பி.ஏ. குறை என்று சொன்ன அதே உயரம் இங்கே அவருக்கு வாய்ப்பாகிவிட்டது. யூரோலீக் பயிற்சியாளர்கள் வாக்களித்துக் கொடுக்கும் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது 2016, 2018, 2022 என்று மூன்று முறை. கடைசியாக வாங்கும்போது வயது 35.

ஒரு அமெரிக்கரை ஐரோப்பிய அணி எதற்குக் கூட்டிவருகிறது என்று கேட்டால் 'இருபது புள்ளி எடுக்க' என்பார்கள். இரண்டாம் பிரிவில் அது உண்மை. மேலே போகப்போக, இருபது புள்ளி எடுப்பவர்கள் ஏற்கெனவே நிறைய இருக்கிறார்கள், மற்ற வேலையைச் செய்ய ஆள் கிடைப்பதில்லை. ஹைன்ஸ் அந்த இடத்தைப் பிடித்தார்.

எல்லா வெளிநாடும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சீனாவில் அமெரிக்கர் என்றால் பந்தை அவர் கையில் கொடுத்துவிட்டு விலகி நிற்பார்கள், நாற்பது புள்ளி எடுத்தாக வேண்டும். பணமும் தாராளம், சீசனும் குறுகியது. ஸ்டீபன் மார்பரி என்.பி.ஏ.வில் இரண்டு முறை ஆல்-ஸ்டார், ஆனால் கடைசி ஆண்டுகளில் சண்டையும் சச்சரவுமாகப் பேர் கெட்டு, 2010இல் ஷான்ஷி அணிக்குப் போனார். முடிந்துபோன ஆள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பெய்ஜிங் டக்ஸ் அணிக்கு மாறிய பிறகு 2012, 2014, 2015 என்று மூன்று பட்டம். அரங்கத்துக்கு வெளியே அவருக்குச் சிலையே வைத்தார்கள். இந்த நாட்டின் கதவு உள்ளே போகச் சுலபம், நடுவில் வெளியே வர முடியாது. 2011இல் என்.பி.ஏ. முதலாளிகளும் ஆட்டக்காரர்களும் மோதி லீக் பூட்டிக்கிடந்தபோது, ஜே.ஆர். ஸ்மித், வில்சன் சாண்ட்லர் போன்றவர்கள் சீனாவில் கையெழுத்திட்டார்கள். சீன லீக் நடுவில் விலகும் உரிமையை யாருக்கும் கொடுக்கவில்லை. டிசம்பர் 25-ல் என்.பி.ஏ. மறுபடி தொடங்கிவிட்டது, இவர்கள் சீன சீசன் முடியும்வரை காத்துக் கிடந்தார்கள்.

பெண்கள் ஆட்டத்தில் கணக்கே தலைகீழாக இருந்தது. அங்கே வெளிநாடு போனது இடம் கிடைக்காதவர்கள் இல்லை, முதல் வரிசைக்காரர்கள். டயானா டவுராசிக்கு ரஷ்யாவின் யெகாடெரின்பர்க் அணி கொடுத்ததாகச் செய்திகளில் வந்த தொகை ஆண்டுக்கு 15 லட்சம் டாலர் அளவு, அமெரிக்கப் பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் உச்சச் சம்பளம் அப்போது ஒரு லட்சத்துச் சொச்சம். 2015இல் அமெரிக்க சீசனில் ஆடாமல் ஓய்வெடுக்கவே அந்த அணி அவருக்குப் பணம் கொடுத்தது. அதே அணிக்கு ஆடத் திரும்பிக்கொண்டிருந்த பிரிட்னி கிரைனர் 2022 பிப்ரவரியில் மாஸ்கோ விமான நிலையத்தில் கஞ்சா எண்ணெய்க் குப்பிகளோடு பிடிபட்டு, ஒன்பது ஆண்டு சிறைத் தண்டனை பெற்று, டிசம்பரில் ஆயுத வியாபாரி விக்டர் பூட்டுக்கு மாற்றாக விடுதலையானார். அவர் ஏன் ரஷ்யா போனார் என்று அன்றைக்குக் கேட்டவர்களுக்கு இந்தச் சம்பள வித்தியாசம் தெரிந்திருக்கவில்லை.

பள்ளி முடித்ததும் நேராகப் போகிறவர்களும் உண்டு. 2006 டிராஃப்டிலிருந்து, 19 வயதாகி, பள்ளி முடித்து ஓராண்டு ஆனவர்தான் என்.பி.ஏ.வுக்கு வரலாம் என்று விதி வந்தது. அந்த ஓராண்டைக் கல்லூரியில் சும்மா ஆடாமல் காசுக்கு ஆடலாமே என்று 2008இல் ரோம் போனவர் பிராண்டன் ஜென்னிங்ஸ். இத்தாலிய லீக்கில் அவர் சராசரி ஐந்தரை புள்ளி, பல நாள் பெஞ்சில்தான். ஆனாலும் 2009 டிராஃப்டில் மில்வாக்கி அவரைப் பத்தாவதாக எடுத்தது, சீசன் தொடங்கிய சில வாரத்திலேயே ஒரு ஆட்டத்தில் 55 புள்ளி எடுத்தார். பின்னால் ஆஸ்திரேலிய லீக் இதற்கென்றே ஒரு திட்டம் போட்டு, லாமெலோ பாலை 2019இல் இல்லவாராவுக்குக் கூட்டிவந்தது. பன்னிரண்டே ஆட்டம் ஆடினார், டிராஃப்டில் மூன்றாவது. இந்த வழி இப்போது ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. 2021இல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆனது, 2025இலிருந்து பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் கொடுக்கின்றன. இப்போது ஐரோப்பியப் பையன்கள்தான் அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் போகிறார்கள்.

கடைசிக் கேள்வி: திரும்பி வர முடியுமா? முடியும், ஆனால் போன ஆளாகவே வர முடியாது. ஆன்டனி பார்க்கர் டெல் அவிவில் மக்காபிக்கு ஆடி 2004, 2005 யூரோலீக் பட்டங்களும், அடுத்தடுத்து இரண்டு ஆண்டு மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கிவிட்டு, 31 வயதில் டொரண்டோ அணி வழியாக என்.பி.ஏ.வுக்குத் திரும்பினார். ஐரோப்பாவின் ராஜா, அங்கே போய் மூலையில் நின்று மூன்று புள்ளி எறிகிற, எதிரணியின் நல்ல ஆளைத் தடுக்கிற வேலையைச் செய்தார். ஆறு ஆண்டு தாங்கியது.

டக்கர் கதை இன்னும் கூர்மையானது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 2006இல் தன் கான்ஃபரன்ஸின் (கல்லூரி அணிகளின் போட்டிக் குழு) சிறந்த ஆட்டக்காரர், டிராஃப்டில் 35ஆவதாக டொரண்டோ எடுத்தது. 17 ஆட்டம் ஆடவைத்துவிட்டுச் சீசன் முடியும் முன்பே அனுப்பிவிட்டது. 196 செ.மீ. உயரத்தில் உள்ளே நின்று ஆடுபவரை வைத்து என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இஸ்ரேல், உக்ரைன், கிரீஸ், இத்தாலி, ஜெர்மனி என்று ஐந்து சீசன். முதல் ஆண்டே 2008இல் ஹபோயல் ஹோலன் அணியோடு, பதினாலு ஆண்டு தொடர்ந்து ஜெயித்துவந்த மக்காபியின் ஓட்டத்தை உடைத்து இஸ்ரேலிய சாம்பியன், லீக்கின் சிறந்த ஆட்டக்காரர். 2012 கோடையில், 27 வயதில், பாம்பெர்க் பட்டத்தோடு ஃபீனிக்ஸின் கோடைக்கால அணியில் போய் இருபது வயதுப் பையன்களோடு சேர்ந்து முயற்சி செய்து இடம் பிடித்தார். கல்லூரியில் முதல் ஆளாக இருந்தவர் இப்போது புள்ளியைப் பற்றிப் பேச்சே எடுக்காமல், மூலையிலிருந்து எறிவது, எதிரணியின் மிகப் பெரிய ஆளைத் தடுப்பது என்ற இரண்டே வேலைக்கு என்று வந்தார். பத்தாண்டுக்கு மேல் அதிலேயே ஓட்டினார். 2021இல் மில்வாக்கியோடு சாம்பியன், அந்த வழியில் எதிரணி நட்சத்திரம் கெவின் டுரான்டை மல்லுக்கட்டித் தடுத்தவர் அவர்தான். (காலணி சேகரிப்பதில் அவருக்கு இருக்கும் பைத்தியத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம், இங்கே வேண்டாம்.)

2020 பிப்ரவரியில் ஹூஸ்டன் அணி தன் உயரமான சென்டரை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டு, 196 செ.மீ. டக்கரையே சென்டர் இடத்தில் நிறுத்தியது. ஏழடி ஆட்களை அவர் முதுகால் தள்ளினார், சின்ன ஆட்களை வெளியே போய் மறித்தார். அமெரிக்கத் தொலைக்காட்சிகள் வாரக்கணக்கில் இதை ஒரு துணிச்சலான புதுச் சோதனையாகப் பேசின. அந்த வாரங்களில் மாஸ்கோவில் ஹைன்ஸ் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார், சி.எஸ்.கே.ஏ.வில் அவருக்கு அது ஏழாவது சீசன்.